பீங்கான் பட்டறையில் ஒரு மணி நேர ரூட்

கார்த்திகை நெருங்கிவிட்டால் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் யாரையும் நிறுத்திப் பேச முடியாது. கொலு பொம்மை சீசன் முடிந்த கையோடு அகல் விளக்கு சீசன் வந்து நிற்கும். ஒரு பக்கம் அச்சிலிருந்து விளக்குகள் இறங்கிக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கட்டுவார்கள். ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் வருஷம் பூரா ஓடும். இதையெல்லாம் பத்திரிகைகள் ஏற்கெனவே படம் பிடித்துப் போட்டாயிற்று. நாம் பார்க்கப்போவது அதை அல்ல. பட்டறையின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, குனிந்து, மேசைக்குக் கீழே பாருங்கள். 'யாரும் சுவிட்ச்சை அணைக்காதீங்க' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டிய ஒரு கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளைக் களிமண் தூசியோடு முனகிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் சர்வர்! ஊரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் இதற்குள் எட்டிப் பார்ப்போம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டறையும், அதை நடத்தும் அக்காவும், சென்னையில் உட்கார்ந்து பழுது பார்க்கும் தம்பியும் நான் கற்பித்தவர்கள். அவர்கள் தட்டும் கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றும் நிஜம். இன்று ராத்திரியே உங்கள் கணினியில் தட்டிப் பார்க்கலாம்.

பீங்கான் ஊரில் லினக்ஸா என்று புருவத்தை உயர்த்துபவர்களுக்கு: 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் குடியிருந்தது. சென்னை சி-டாக்கில் உருவாகி 2007இல் வெளிவந்த சரக்கு அது. அந்த லேப்டாப்பில் சினிமா மட்டும் பார்த்த பிள்ளைகள் ஏராளம். கறுப்புத் திரையைத் திறந்து நோண்டிய பிள்ளைகளும் கொஞ்சம் பேர் உண்டு. நம் தம்பி அந்த இரண்டாவது ரகம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன் அடிக்கிறது.

"தம்பி, பில்லே போட முடியலப்பா. லாரி வாசல்ல நிக்குது. பெட்டியை அணைச்சுப் போடட்டுமா?"

"ஐயோ அக்கா, தொடாதீங்க! சூளை ஏறிட்டு இருக்கா?"

"காலைலேர்ந்து ஏறுது."

சூளைக்குள் இருக்கும் வெப்பமானி காட்டும் அளவை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைப்பதும் இதே பெட்டிதான். வட்டில் அதற்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருப்பதால் அது இன்னும் ஓடுகிறது. நடுவில் அணைத்தால் இன்றைய சூட்டின் கணக்கு துண்டாகிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அணைத்துப் போட்டால் பழுது சரியாகிவிடக்கூடும்! ஏன் வந்தது என்று தெரியாமலேயே சரியாகும் பழுது, அடுத்த வாரம் இதைவிடப் பெரிய லாரி நிற்கும்போது திரும்பி வரும். ஆகவே தம்பி உள்ளே வந்து பார்க்க வேண்டும். அதுவும் சாதாரண ஆளாக வந்தால் போதாது, ரூட்டாக வர வேண்டும்.

ரூட் யார்? யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி கைகளில் பிறந்தது. லினக்ஸ் உட்பட அதன் வழிவந்தவற்றில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்ற எண் உடையவர்தான் ரூட். இந்தக் கோப்பை இவர் படிக்கலாமா, அதை அழிக்கலாமா என்று மற்றவர்களுக்கு நடக்கும் விசாரணை எதுவும் அவருக்கு நடக்காது. எல்லாக் கோப்பும் அவருக்குத் திறக்கும், எந்த நிரலையும் அவர் நிறுத்தலாம், மொத்த வட்டையும் ஒரே வரியில் துடைத்துப் போடலாம். 'நிச்சயமாகத்தானா?' என்று பெரும்பாலும் கேட்கக்கூட மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பெயர் ரூட் என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. முருகன் என்று பெயர் வைத்து 0 என்ற எண்ணைக் கொடுத்தாலும் முருகன் ரூட்தான். கடைசியில் இது நமக்கு வேண்டியிருக்கும், நினைவில் வையுங்கள்.

"அப்ப அந்த ரூட்டு பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்பிடவா?"

இந்தக் கேள்விக்கு ஒரு சர்வீஸ் ஆள் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்தே அவருடைய தரத்தை எடை போட்டுவிடலாம். 'அனுப்புங்க' என்பவரை நம்ப எனக்கு மனசு வராது. நம் தம்பி "வேண்டவே வேண்டாம்க்கா, நான் ஒரு வரி அனுப்புறேன், அதை உள்ள போடுங்க" என்கிறான்.

அந்த ஒரு வரி வந்து சேர்கிறது. புரியாத எழுத்துகளின் வரிசை. அதுதான் தம்பியின் பொதுச் சாவி. இதற்கு ஜோடியான ரகசியச் சாவி அவனுடைய மடிக்கணினியை விட்டு வெளியே வரவே வராது. பொதுச் சாவியை ஊர் முழுக்க நோட்டீஸ் அடித்து ஒட்டினாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. அக்கா தன் பெட்டியில் 'உதவி' என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்று திறந்து, அதன் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் அந்த வரியை ஒட்டுகிறார். வரியின் முன்னால் ஒரு சின்னக் குறிப்பும் சேர்க்கிறார்: இந்தச் சாவி இன்று மாலை 6 மணி வரை மட்டும் செல்லும். தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் இந்த வசதி 2018இல் வந்தது. இத்தனை ஆண்டு ஆன பிறகும் எத்தனை சர்வீஸ் ஆட்களுக்கு இது தெரியும் என்று கேட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்த எஸ்எஸ்ஹெச் பிறந்த கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1995இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் எவனோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்கும் நிரலை நுழைத்துவிட்டான். அன்றைக்குத் தொலைவிலிருந்து நுழைய எல்லோரும் பயன்படுத்திய டெல்நெட், கடவுச்சொல்லை அப்பட்டமாகக் கம்பியில் அனுப்பும். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு இலோனனுக்கு வந்த கோபத்தில் பிறந்ததுதான் எஸ்எஸ்ஹெச். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்குக் கதவு எண் 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் நடுவில் 22 காலியாகக் கிடந்தது. இவர் அந்த எண்ணைக் கேட்டு, எண் ஒதுக்குபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள்! நம் ஊரில் கடை எண் மாற்ற நகராட்சிக்கு நடந்தவர்கள் ஒரு நிமிடம் பொறாமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அடுத்த சிக்கல். சாவி தயார், கதவைத்தான் காணோம். பட்டறையின் இணைய இணைப்புக்குத் தனி முகவரி கிடையாது. நம் ஊர் இணைப்புகள் பலவற்றிலும் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகள் பங்கு போட்டுக்கொள்வதால், வெளியிலிருந்து கூப்பிட்டால் எந்த வீடு என்றே தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து வெளியே கூப்பிடலாம். ஆகவே அக்காவின் பெட்டி முதலில் நடுவில் இருக்கும் ஒரு சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் போட்டுப் போய், அங்கே ஒரு வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். தம்பி அந்த வாயிலில் நுழைந்தால் விருத்தாசலத்து மேசைக்கடியில் முளைப்பான். இதற்குப் பெயர் தலைகீழ் சுரங்கம்.

இதை விருத்தாசலத்துக்காரருக்கு விளக்க நான் சிரமப்படவே வேண்டியதில்லை. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர் கொண்ட இதே ஊர் ஈசனிடம் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் அல்லவா? ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது எஸ்எஸ்ஹெச்சுக்கு அன்றாட வேலை. அந்தக் கதையின் நுணுக்கமான பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் சுந்தரர் அதில் கொஞ்சம் வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பிறகு அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடினார், சரியானது. எஸ்எஸ்ஹெச்சில் முதல்முறை ஒரு சர்வரைத் தொடும்போது 'இதன் கைரேகை இன்னது, தொடரலாமா?' என்று திரையில் ஒரு கேள்வி வரும். உலகம் பூரா எல்லோரும் படிக்காமல் 'யெஸ்' தட்டும் கேள்வி அது. அந்தக் கைரேகைதான் மச்சம்!

தம்பி படிக்கிறான். சர்வரைப் போலவே சாவிக்கும் கைரேகை உண்டு; போனில் அக்காவுக்குத் தன் சாவிக் கைரேகையின் கடைசி எட்டு எழுத்துகளை வாய்விட்டுச் சொல்கிறான். வாட்ஸ்அப்பில் வந்த வரி உண்மையிலேயே அவன் அனுப்பியதுதானா என்பது குரலில் ஊர்ஜிதமாக வேண்டும். அக்கா தன் திரையில் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறார். "பெரிய கே, சின்ன கியூ, ஏழு..." லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும்.

எழுத்து ஒப்பிடப் பொறுமை இல்லாதவர்களுக்காக ஓப்பன் எஸ்எஸ்ஹெச் அதே கைரேகையை 17க்கு 9 கட்டத்தில் புள்ளியும் குறியுமாக ஒரு படமாகவும் போட்டுக் காட்டும். சதுரங்கப் பலகையில் குடித்துவிட்டுத் தள்ளாடும் பிஷப்பின் கால்தடத்தைப் பின்பற்றி வரையப்படுவதாகச் சொல்லி, அந்த முறைக்கு 'குடிகார பிஷப்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணிதக்காரர்கள் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று யார் சொன்னது?

தம்பி உள்ளே வந்துவிட்டான். 'உதவி' என்ற சாதாரண ஆளாக. ரூட் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இங்கேதான் வருகிறது. அவன் திறந்திருப்பது டிமக்ஸ் என்ற பகிர்வுத் திரை. அக்காவும் தன் நாற்காலியிலிருந்து அதே திரைக்குள் வந்துவிட்டார். அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் விருத்தாசலத்தில் தெரியும், அக்கா தட்டினால் சென்னையில் தெரியும். ரூட் வேலை வரும்போது தம்பி சூடோ என்று தொடங்கும் கட்டளையைத் தட்டுவான். சூடோ கடவுச்சொல் கேட்கும். 'உதவி' கணக்குக்குக் கடவுச்சொல் வைத்தது அக்கா. தம்பிக்கு அது தெரியாது. ஆகவே அவன் கையை எடுத்துக்கொள்ள, அக்கா விருத்தாசலத்தில் அதைத் தட்டுகிறார். தட்டும் எழுத்து திரையில் தெரியாது. அவர் சம்மதிக்காமல் ரூட் வேலை தொடங்கவே தொடங்காது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ஒருமுறை கொடுத்தால் 15 நிமிடம் செல்லும், பிறகு மறுபடி கேட்கும்.

சூடோவை 1980இல் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதினார்கள். முதல்முறை பயன்படுத்துபவருக்கு அது மூன்று புத்திமதி சொல்லும்: அடுத்தவர் அந்தரங்கத்தை மதி, தட்டுவதற்கு முன் யோசி, மூன்றாவது ஸ்பைடர்மேன் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான அந்தச் சக்தி, பொறுப்பு வசனம். அக்காவின் திரையிலும் அது வந்தது. "இது யாருப்பா நமக்குப் புத்தி சொல்றது?" என்றார்.

இனி துப்பறியும் படலம். தம்பி 'டிஎஃப்' தட்டுகிறான். வட்டு 100 சதவீதம் நிரம்பிவிட்டது. பில் எழுத இடமில்லை. சரி, எந்தக் கோப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது? 'டியு' தட்டிக் கோப்புகளையெல்லாம் கூட்டச் சொல்கிறான். கூட்டினால் பாதிகூட வரவில்லை! நிரம்பிவிட்டது என்கிறது ஒரு கட்டளை, பாதி காலி என்கிறது இன்னொன்று. இரண்டுமே பொய் சொல்லவில்லை.

"அக்கா, நேத்து யாராவது எதையாவது அழிச்சாங்களா?"

"கணக்குப்பிள்ளை அண்ணன் ஏதோ லாக் ஃபைல் பெருசா இருக்குன்னு அழிச்சாரு. இடம் கிடைக்கட்டும்னுதான் பண்ணாரு, பாவம்."

கிடைத்துவிட்டது! யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குவது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் உள்ளடக்கம் வட்டை விட்டுப் போகாது. பெயரில்லாமல், யார் கண்ணிலும் படாமல், நிரல் எழுத எழுத அது மேலும் வளர்ந்துகொண்டே இருக்கும். பில் நிரல் நேற்றிலிருந்து அப்படி ஓர் இல்லாத கோப்பில் ராப்பகலாக எழுதிக்கொண்டிருக்கிறது. பெயர்களை வைத்துக் கூட்டும் டியுவுக்கு அது தெரியாது, வட்டையே கேட்கும் டிஎஃப்புக்குத் தெரியும். 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை, திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டு, அழிக்கப்பட்டதன் பக்கத்தில் அழிக்கப்பட்டது என்றே எழுதிக் காட்டுகிறது. அக்கா ஒருமுறை கடவுச்சொல் தட்ட, பில் நிரலை மட்டும் நிறுத்தித் தொடங்குகிறார்கள். நிரல் கையை விட்ட கணமே வட்டில் பாதி காலி. சூளைக் கணக்கு ஒரு நிமிடம்கூடத் துண்டாகவில்லை. பில் பிரிண்டர் கரகரக்கிறது.

இந்தப் பக்கம் தம்பியின் ஒவ்வொரு சூடோ கட்டளையும் பதிவாகிக்கொண்டிருந்தது. சூடோவில் பதிவு வசதியை இயக்கி வைத்தால், 'சூடோரீப்ளே' மூலம் அதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். திரையில் வந்த வேகம் மாறாமல், நின்ற இடத்தில் அதே அளவு நின்று ஓடும். பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

பார்த்துக்கொண்டே இருப்பதன் பயனை உலகத்துக்குக் காட்டியவர் க்ளிஃப் ஸ்டோல். 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. வானியல் படித்த இந்த மனிதர் அதை விடாமல் துரத்தினார். எவனோ ஒருவன் ஈமாக்ஸ் என்ற நிரலோடு வந்த ஓட்டை வழியாக யூனிக்ஸில் ரூட் ஆகியிருந்தான். ஸ்டோல் அவனை விரட்டவில்லை. அலுவலகத்தில் கண்ணில் பட்ட பிரிண்டர்களையெல்லாம் தூக்கி வந்து தொலைபேசி இணைப்புகளில் மாட்டி, அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் தாளில் அச்சடித்தார். பதிவைக் கணினியில் வைத்திருந்தால் ரூட் அதை அழித்துவிட்டுப் போயிருப்பான். தாளை எப்படி அழிப்பது! கடைசியில் பிடிபட்டவன் ஜெர்மனியில் இருந்த மார்க்குஸ் ஹெஸ், சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்குத் தகவல் விற்றவன்.

ஆகவே அக்கா செய்த ஏற்பாட்டையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். கெட்ட எண்ணத்தோடு ரூட் ஆனவன் பதிவையும் அழிக்கலாம், பின்கதவும் வைக்கலாம். பதிவின் பிரதி உடனுக்குடன் வேறொரு பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது சாட்சி. நல்லவனாக நடித்து நம்பிக்கையைச் சம்பாதிப்பவனிடம் பூட்டெல்லாம் எடுபடாது. எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்கு உதவுகிறேன் என்று ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பொறுமையாக வேலை செய்து நிர்வாக உரிமையைப் பெற்று, அதில் எஸ்எஸ்ஹெச்சையே திறக்கும் பின்கதவை வைத்தார். 2024 மார்ச்சில் அது பிடிபட்டது எப்படி? எஸ்எஸ்ஹெச்சில் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளருக்கு உறுத்தியது. அரை விநாடி!

நம் நாட்டில் சட்டமும் இந்தப் பக்கம் பார்க்கிறது. உரியவர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும். ஆகவே தம்பி வேலையைத் தொடங்கும் முன் 'இன்ன வேலைக்கு, இன்ன நேரம் வரை' என்று அக்காவிடம் இரண்டு வரி எழுதி வாங்குவது அவனுக்கே பாதுகாப்பு. சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவு, நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, 'பேங்க்லேர்ந்து பேசுறோம், எனிடெஸ்க் போடுங்க' என்று கூப்பிடுகிறவனுக்குத் திரையைத் திறந்துவிடும் கூத்தும் நம் ஊரில்தான் நடக்கிறது. அதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தாயிற்று. அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

பட்டறையில் வேலை முடிந்தது. அக்கா சுரங்கத்தை மூடுகிறார், கன்ட்ரோல் சி தட்டினால் போதும். சாவிக்கு 6 மணிக் கெடு இருந்தாலும் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. கெடு புதிதாக நுழைபவரைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. ஆகவே சாவி வரியை அழித்து, 'உதவி' கணக்கைப் பூட்டி, அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருந்த டிமக்ஸையும் நிறுத்துகிறார். 'லாஸ்ட்' தட்டினால் யார், எப்போது வந்து, எப்போது போனார் என்ற பட்டியல் வருகிறது. 'உதவி' என்ற பெயரில் ஒரே ஒரு வரவு.

"முடிஞ்சுதாக்கா? நான் வெளிய இருக்கேனா?"

"வெளியதான் இருக்க. விளக்கு ஒரு பெட்டி அனுப்புறேன், அம்மாகிட்ட குடு."

உங்கள் கடையிலோ ஆபீஸிலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வாரம் இரண்டு வகைக் கோப்புகளை மட்டும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கணக்கின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பிலும், ரூட்டுடையது உட்பட, யார் யாருடைய சாவி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பயனர் பட்டியலான 'பாஸ்டபிள்யூடி' கோப்பில் 0 என்ற எண் ரூட்டைத் தவிர வேறு எந்த முருகனுக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ வேலை பார்த்துவிட்டுப் போன சர்வீஸ் ஆளின் சாவி அங்கே கிடந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வரியை அழித்துவிடுங்கள். மறுபடி தேவைப்பட்டால் புதிதாக அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும்.